எரிந்த பிளைட் கொன்ட்ரோலரை எறிய முதல் அளந்து பாருங்கள்

ட்ரோனில் பற்றரியைச் செருகியதும் சின்னதாக ஒரு சத்தம், மெல்லிய புகை, கருகின மணம், பிறகு ஒரு எல்ஈடியும் எரியாது. இந்த நிலைக்கு வந்த பிளைட் கொன்ட்ரோலரை, அதாவது ட்ரோனைக் கட்டுப்படுத்துகிற போர்ட்டை, கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டுப் புதிதுக்கு ஓடர் போடுகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அது கொழும்பிலிருந்தோ சீனாவிலிருந்தோ யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ட்ரோன் சும்மா கிடக்கும். ஆனால் எரிந்துவிட்டது என்று ஒதுக்கப்படுகிற போர்ட்டுகளில் அனேகமாகச் செத்திருப்பது ஒரு அரிசி மணி அளவுள்ள பகுதி மட்டும்தான், மிச்சமெல்லாம் உயிரோடு இருக்கும். எது செத்தது என்று கண்டுபிடிக்கிற வேலைக்கு சோல்டரிங் கெட்டித்தனம்கூடத் தேவையில்லை, ஒரு சாதாரண மல்டிமீற்றரும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மின்சாரம் போகிற பாதை

தோட்டத்தில் கிணற்றுத் தண்ணி பெரிய வாய்க்காலால் வந்து சின்ன வாய்க்கால், பாத்தி என்று பிரிகிற மாதிரி போர்ட்டிலும் மூன்று படி இருக்கிறது. 4எஸ் லிப்போ, அதாவது நாலு செல் பற்றரி, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 16.8 வோல்ட், 6எஸ் என்றால் 25.2 வோல்ட். இது முதல் படி. அது பக் ரெகுலேற்றர் என்கிற சிப்புக்குப் போய் 5 வோல்ட்டாக இறங்குகிறது. போர்ட்டில் தடிப்பான சாம்பல் நிறச் சதுரக் கட்டி ஒன்று தெரியும், அதுதான் இன்டக்டர், பக் சிப் அதன் பக்கத்திலேயே இருக்கும். ரிசீவர், ஜிபிஎஸ், அனேக கமராக்கள், திரையில் எழுத்துக் காட்டுகிற ஓஎஸ்டி சிப் எல்லாம் இந்த 5 வோல்ட்டில் ஓடுகின்றன. மூன்றாவது படி 3.3 வோல்ட். 5 வோல்ட்டை இன்னொரு சின்ன ரெகுலேற்றர் குறைத்துத் தருகிறது, அதில்தான் மூளையான எஸ்டிஎம்32 சிப்பும் சுழற்சியை உணர்கிற ஜைரோவும் உயரம் அறிகிற பரோமீற்றரும் பிளாஷ் மெமரியும் வாழ்கின்றன. சில போர்ட்டுகளில் ஜைரோவுக்கென்று தனியாக ஒரு 3.3 வோல்ட் ரெகுலேற்றர் இருக்கும்.

பல போர்ட்டுகளில் அந்தச் சின்ன ரெகுலேற்றரின் முதுகில் 662கே என்று எழுதியிருக்கும், மூன்று கால் உள்ளது. அது உள்ளே வாங்கக்கூடிய உச்சம் 6 வோல்ட். எஸ்டிஎம்32 தாங்குகிற உச்சம் 4 வோல்ட், ஒழுங்காக வேலை செய்வது 3.6 வோல்ட் வரைக்கும்தான். இப்போது பற்றரிக் கம்பியின் ஒரு இழை 5 வோல்ட் இடத்தைத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16.8 வோல்ட் நேராக 662கே மேல் விழும். அது உள்ளே அறுந்து செத்தால் மூளை தப்பிவிடும். உள்ளே ஒட்டிச் செத்தால் அந்த 16.8 வோல்ட் அப்படியே மூளைக்குப் போய் அதையும் ஜைரோவையும் கொன்றுவிடும். உங்கள் போர்ட்டில் இந்த இரண்டில் எது நடந்தது என்பதுதான் கேள்வி, அதற்கு மீற்றர் பதில் சொல்லும்.

பற்றரியைத் தலைகீழாகச் சோல்டர் பண்ணினவர்களுக்குக் கதை வேறு. மோட்டாரை ஓட்டுகிற ஈஎஸ்சியில் சுவிச் மாதிரி வேலை செய்கிற மொஸ்பெட்டுகளுக்குள் இயல்பாகவே ஒரு டயோட் இருக்கிறது, தலைகீழ் மின்சாரம் அதன் வழியாகக் கட்டுப்பாடில்லாமல் பாயும். அதனால் ஈஎஸ்சியும் பெரிய கப்பாசிற்றரும் முதலில் போகும், பிளைட் கொன்ட்ரோலரில் பக் சிப் போகும், மூளை சில நேரம் தப்பியிருக்கும்.

கணினியில் செருக முதல்

எரிந்த போர்ட்டை எடுத்ததும் கை தானாக யூஎஸ்பி வயரைத் தேடும். தயவுசெய்து செருகாதீர்கள். 5 வோல்ட் பாதையில் ஷோர்ட், அதாவது கிரவுண்டோடு நேரான ஒட்டல், இருந்தால் உங்கள் லப்டொப்பின் யூஎஸ்பி வாசலுக்குத்தான் ஆபத்து, பாதி செத்த மூளை இருந்தால் மீதியும் போய்விடும். முதலில் போர்ட்டை ட்ரோனிலிருந்து முழுதாகக் கழற்றி, ஈஎஸ்சி, ரிசீவர், கமரா, படம் அனுப்புகிற விடிஎக்ஸ் எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பல தடவை ஷோர்ட் இருப்பது போர்ட்டில் இல்லாமல் கமராவிலோ விடிஎக்ஸிலோ இருக்கும், கழற்றி அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியாலோ போன் கமராவைப் பெரிதாக்கியோ வடிவாகப் பாருங்கள். சிப்பின் முதுகில் குழி, கொப்புளம், நிறம் மாறின இடம், வெடித்த பழுப்பு நிறச் சின்னக் கப்பாசிற்றர், உருகி உருண்டையாகிப் போன சோல்டர் மணி. விழுந்து அடிபட்ட ட்ரோன் என்றால் அந்தப் பழுப்புக் கப்பாசிற்றர்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம், அது உள்ளே ஷோர்ட் ஆகும். கார்பன் பிரேம் மின்சாரம் கடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம், போர்ட்டின் அடிப்பக்கம் பிரேமிலோ நீளமான ஆணியிலோ முட்டின தடயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளக்கிற முறை

மீற்றரை ஓம் அளவுக்கு வையுங்கள். பீப் சத்தம் போடுகிற முறையை மட்டும் நம்பவேண்டாம், பல மீற்றர்கள் 30, 40 ஓமுக்கும் சத்தம் போடும், ஆனால் 40 ஓமும் 1 ஓமும் ஒரே வியாதி கிடையாது. எண்ணைப் பாருங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீற்றரின் வயருக்கே எத்தனை ஓம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு முனை கிரவுண்டில் இருக்கட்டும். சிவப்பு முனையை முதலில் பற்றரிப் பிளஸில் வையுங்கள், பிறகு 5 வோல்ட்டில், 9 அல்லது 10 வோல்ட் இடம் இருந்தால் அதிலும், கடைசியாக 3.3 வோல்ட்டில். எண் மெதுவாக ஏறிக்கொண்டு போனால் நல்ல அறிகுறி, கப்பாசிற்றர்கள் சார்ஜ் ஆகின்றன என்று அர்த்தம். 3.3 வோல்ட் பாதையில் சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை காட்டினால் பயமில்லை. 10 ஓமுக்குக் கீழே நின்றால் அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது. இதே மாதிரிப் போர்ட் நல்லதாக இன்னொன்று உங்களிடமோ கூட்டாளியிடமோ இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள், எந்த அட்டவணையையும்விட அது நம்பிக்கையானது.

பற்றரிப் பிளஸில் மட்டும் ஷோர்ட் என்றால் பக் சிப் அல்லது அதன் முன்னால் உள்ள கப்பாசிற்றர், சில போர்ட்டுகளில் பாதுகாப்புக்கு வைத்த டிவிஎஸ் டயோட். 5 வோல்ட்டில் ஷோர்ட் என்றால் ஓஎஸ்டி சிப், 662கே, பக் சிப்பின் வெளிப்பக்கம், கப்பாசிற்றர் என்று சந்தேகப் பட்டியல் நீளம். 3.3 வோல்ட்டில் ஷோர்ட் என்றால்தான் நெஞ்சு இடிக்கும், ஏனென்றால் மூளை அங்கே இருக்கிறது. அப்போதும் முடிவு கட்டவேண்டாம். 662கேயைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். ஷோர்ட் போய்விட்டால் குற்றவாளி அதுதான்.

ஒரு இடத்திலும் ஷோர்ட் இல்லையென்றால் மட்டும் யூஎஸ்பி. அதுவும் கணினியில் இல்லாமல் முதலில் ஒரு பவர் பாங்கில் செருகுங்கள். விரலை மூளை மேல் வையுங்கள். இரண்டு மூன்று செக்கனில் சுடத் தொடங்கினால் உடனே கழற்றுங்கள், மூளை உள்ளே போய்விட்டது. சூடு இல்லாமல் எல்ஈடி எரிந்தால் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மீற்றரால் பாருங்கள். யூஎஸ்பியில் எழும்புகிற போர்ட் பற்றரியில் எழும்பவில்லை என்றால் சந்தோஷப்படலாம், பக் ரெகுலேற்றர் மட்டும்தான் போயிருக்கிறது, அதைச் சரிசெய்வது சுலபம்.

ஷோர்ட் எங்கே என்று தேடுவது

ஒரு பாதையில் பத்துப் பதினைந்து பகுதிகள் தொங்கும்போது எது ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் தெரியாது. வெப்பத்தால் பிடிக்கலாம். வோல்ட்டையும் அம்பியரையும் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை வேண்டும். அது இல்லையென்றால் எக்ஸ்எல்4015 என்கிற, இரண்டு திருகு வைத்த மலிவான மொட்யூலும் இந்த வேலைக்குப் போதும். 1 வோல்ட், 1 அம்பியர் என்று வைத்துத் தொடங்கி, ஷோர்ட் உள்ள பாதைக்கும் கிரவுண்டுக்கும் கொடுங்கள். மொட்யூல் 1 வோல்ட் வரை இறங்காவிட்டால் அது தரக்கூடிய மிகக் குறைந்த வோல்ட்டில் வைத்து, அம்பியரைக் கட்டுப்படுத்திப் பிடியுங்கள். 3.3 வோல்ட் பாதை என்றால் எக்காரணம் கொண்டும் 3.3க்கு மேலே போகக் கூடாது. போர்ட்டின் மேல் ஐசோபுரொபைல் அல்கஹோலை மெல்லிசாகப் பூசிவிட்டுப் பாருங்கள், ஒட்டின பகுதி சூடாகி அதன் மேலே உள்ள ஈரம் மற்ற இடங்களுக்கு முன்னால் காயும். போன் திருத்துகிற கடைகளில் பாவிக்கிற அதே அல்கஹோல்தான். பூசியிருக்கும்போது பக்கத்தில் சூடான அயனோ நெருப்போ இருக்கக் கூடாது.

காய்வது ஒரு கப்பாசிற்றர் என்றால் பெரிய அதிர்ஷ்டம். அதைக் கழற்றிவிட்டாலே போர்ட் எழும்பும், ஒரே பாதையில் பல கப்பாசிற்றர்கள் இருப்பதால் ஒன்று இல்லாமலும் அனேகமாக ஓடும், ஆனாலும் அதே அளவில் ஒன்றை வைப்பதுதான் ஒழுங்கு. காய்வது மூளை என்றால் அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

662கே மாற்றுவது

ஈயம் கலந்த 63/37 சோல்டர் பாவியுங்கள், 183 பாகையிலேயே உருகும், கைவேலைக்கு இதுபோல வேறில்லை. புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் சொக்கெட் இருந்தால் கப்டன் டேப்பால் மூடிவிடுங்கள். ஹொட் எயார் இருந்தால் 350 பாகை அளவில், குறைந்த காற்றில், சின்ன வாயால் அடியுங்கள், ஆனால் ஜைரோ பக்கம் காற்றுப் போகாதபடி திருப்பிப் பிடியுங்கள். ஜைரோவுக்குள் கண்ணுக்குத் தெரியாத அசைகிற பாகங்கள் இருக்கின்றன, அளவுக்கு மேல் சூடு பட்டால் செத்தும் போகாமல் ஒழுங்காகவும் வேலை செய்யாமல் பறக்கும்போது கழுத்தறுக்கும். அதே காரணத்துக்காக போர்ட்டை அல்ட்ராசொனிக் கிளீனருக்குள் போடவும் கூடாது.

ஹொட் எயார் இல்லையென்றாலும் பரவாயில்லை. தாராளமாக பிளக்ஸ் போட்டு, மூன்று காலிலும் சோல்டரை நிரப்பி, அயனால் இரு பக்கமும் மாறி மாறிச் சூடாக்கினால் பகுதி மிதக்கத் தொடங்கும், டுவீசரால் தள்ளுங்கள். பிடித்து இழுக்கவேண்டாம், தடம் உரிந்து வந்துவிடும். பிறகு சோல்டரை உறிஞ்சுகிற செப்பு விக்கால் துப்புரவாக்கிப் புதியதை வையுங்கள், ஒரு காலை மட்டும் ஒட்டி நேராக இருக்கிறதா பார்த்த பிறகு மற்ற இரண்டும். 662கேயில் தனியாக நிற்கிற கால்தான் உள்ளே வருகிற 5 வோல்ட், மற்ற இரண்டில் 1ஆம் கால் கிரவுண்ட், 2ஆம் கால் 3.3 வோல்ட். உங்கள் போர்ட்டில் 5 கால் உள்ள வகை இருந்தால் கால் ஒழுங்கு வேறு, எழுத்தைப் பார்த்து அதற்குரிய டேட்டாஷீட்டைத் தேடி எடுங்கள், ஊகத்தில் ஒட்டவேண்டாம்.

புதிய பகுதிக்கு ஓடர் போட்டுக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆர்டுயினோ பழகுகிற பிள்ளைகள் பாவித்து ஒதுக்கின சென்சர் மொட்யூல்களைப் பாருங்கள், பலவற்றில் இதே 662கே அல்லது அதற்கு ஈடான ஒன்று இருக்கும்.

பக் ரெகுலேற்றர் போனால்

அதே பக் சிப்பைத் தேடி அலைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதுகில் உள்ள எழுத்து அழிந்திருக்கும், தெரிந்தாலும் அது எந்தக் கம்பனியின் எந்தச் சிப் என்று பிடிப்பது கஷ்டம். வெளியில் ஒரு சின்ன 5 வோல்ட் பிஈசி, அதாவது வோல்ட் குறைக்கிற தனி மொட்யூல், வைப்பதே நல்ல வழி. முதலில் போர்ட்டின் இன்டக்டரைக் கழற்றுங்கள், அப்போது செத்த பக் சிப்புக்கும் 5 வோல்ட் பாதைக்கும் தொடர்பு அறும். பற்றரிப் பக்கமும் ஷோர்ட் காட்டினால் சிப்பையும் கழற்றத்தான் வேண்டும். பிறகு பிஈசியின் உள்பக்கத்தைப் பற்றரி இடத்திலும், வெளிப்பக்கத்தைப் போர்ட்டின் 5 வோல்ட், கிரவுண்ட் இடங்களிலும் ஒட்டுங்கள்.

எம்பி1584 சிப் வைத்த சின்ன மொட்யூல் 4எஸ் ட்ரோனுக்குத் தாராளம். அதன் உச்சம் 28 வோல்ட், ஆகவே 25.2 வோல்ட் உள்ள 6எஸ்ஸில் போடாதீர்கள், மோட்டார் பிரேக் பிடிக்கும்போது எழும்புகிற துடிப்பு ஒன்றே அதைத் தாண்டிவிடும். அந்த மொட்யூலில் ஒரு சின்னத் திருகு இருக்கும். போர்ட்டில் ஒட்ட முதல் அதைத் திருப்பிச் சரியாக 5.0 வோல்ட்டுக்கு வைத்து, நகப்பூச்சு ஒரு துளி விட்டு இறுக்கிவிடுங்கள். அதிர்வில் அந்தத் திருகு அசைந்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

ஒரு மோட்டார் மட்டும் சுற்றாவிட்டால்

மூளை உயிரோடு இருந்து ஒரேயொரு மோட்டார் சிக்னல் கால் மட்டும் எரிந்துபோவதும் உண்டு. அந்தச் சிக்னல் வயரை நன்றாக ஓடுகிற இன்னொரு மோட்டாரின் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். மோட்டார் ஓடினால் ஈஎஸ்சி நல்லது, போர்ட்டின் கால்தான் பழுது. போர்ட்டில் ஓடுகிற பீட்டாபிளைட் மென்பொருளில் ரிசோர்ஸ் என்கிற கட்டளையால் அந்த மோட்டாரை வேறு ஒரு காலுக்கு மாற்றலாம். எல்ஈடி பட்டிக்கு விட்ட இடம் இதற்கு நல்லது, மோட்டார் சிக்னலுக்கு வேண்டிய டைமர் ஏற்கெனவே அதில் இருக்கும். மாற்ற முதல் டிஃப் ஓல் கட்டளையால் அமைப்பு முழுவதையும் பிரதி எடுத்து வையுங்கள். ரிசீவர் வேலை செய்யாத யூஆர்ட்டுக்கும் (ரிசீவர், ஜிபிஎஸ் இணைக்கிற வாசல்) இதே யோசனைதான், பக்கத்து யூஆர்ட்டுக்கு மாற்றிவிட்டுப் பேசாமல் பறக்கலாம்.

கருகி அறுந்த தடத்துக்குப் பழைய ட்ரான்ஸ்போமரிலோ சின்ன மோட்டாரிலோ எடுத்த எனமல் கம்பியைப் பாவிக்கலாம். நுனியில் உள்ள பூச்சைச் சுரண்டி, ஈயம் பூசி, பிறகு ஒட்டுங்கள். பற்றரித் தடம் என்றால் மெல்லிய கம்பி காணாது, தடித்த வயரால் இணையுங்கள்.

மூளையே போனால்

யூஎஸ்பியில் கணினி கண்டுகொள்ளவில்லை என்பதை வைத்து மட்டும் மூளை செத்தது என்று சொல்லாதீர்கள். முதலில் வயரை மாற்றுங்கள், சார்ஜ் மட்டும் பண்ணுகிற வயர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. பிறகு பூட் பட்டனை அழுத்திக்கொண்டே செருகுங்கள். மென்பொருள் ஏற்றுகிற நிலையான டிஎஃப்யூ என்று கணினியில் வந்தால் மூளை உயிரோடு இருக்கிறது, பீட்டாபிளைட்டைத் திரும்ப ஏற்றினால் போதும். அந்த டிஎஃப்யூ நிரல் எஸ்டிஎம்32 சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாதபடி இருப்பதால், புதிதாக ஒட்டின வெறும் சிப்பும் இதே மாதிரி எழும்பும்.

உண்மையாகவே சுட்டுச் செத்திருந்தால், மாற்றுவதா இல்லையா என்பது சிப்பின் விலையையும் போர்ட்டின் விலையையும் பொறுத்தது. எஸ்டிஎம்32 எஃப்405 என்றால் 64 கால், கால்களுக்கிடையே அரை மில்லிமீற்றர். மலிவான எஃப்4 போர்ட்டுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பதே என் கருத்து, ஏனென்றால் மூளை போகும் அளவுக்கு வோல்ட் ஏறினால் பக்கத்தில் இருந்த ஜைரோவும் அனேகமாகப் போயிருக்கும். விலை கூடின எஃப்7, எச்7 போர்ட் என்றால் நகரில் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள போன் திருத்துகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பும் ஹொட் எயாரும் கைப்பழக்கமும் அவர்களிடம் இருக்கின்றன. ஜைரோ எந்தச் சிப் என்று காட்டி, அதில் சூடு படாமல் செய்யச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

திரும்பப் பற்றரி போட

பற்றரியோடு தொடரில் ஓட்டோவின் 12 வோல்ட் இன்டிகேற்றர் பல்ப் ஒன்றை வையுங்கள், 6எஸ் என்றால் இரண்டு பல்ப் தொடரில். பல்ப் ஒரு கணம் மின்னி அணைந்தால் எல்லாம் சரி, கப்பாசிற்றர் நிரம்பின மின்னல்தான் அது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் இன்னும் ஷோர்ட் இருக்கிறது, மின்சாரம் முழுவதையும் பல்ப் தாங்கிக்கொள்வதால் போர்ட் திரும்பக் கருகாது. ஒவ்வொரு சோல்டர் வேலைக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள்.

பிறகு புரொப்பெல்லர் இல்லாமல் கணினியில் பாருங்கள். ட்ரோனைக் கையில் சரிக்கும்போது திரையில் உள்ள உருவம் அதே பக்கம் சரிய வேண்டும், மேசையில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். ஆர்ம் ஆகாமல், அதாவது மோட்டாரை எழுப்ப மறுத்து, நோஜைரோ என்று காரணம் காட்டினால் ஜைரோ பேசவில்லை. எல்லாம் சரியென்றால் அக்சலரோமீற்றரைக் கலிபிரேட் பண்ணி, பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டுப் புதிய ரெகுலேற்றரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் எங்கேயோ இன்னும் மின்சாரம் ஒழுகுகிறது.

முதல் பறப்புக்கு அறுவடை முடிந்த வயல்வெளி நல்லது, விழுந்தாலும் மண் மெத்தை. பனங்கூடல் பக்கமும் ஆட்கள் நடமாடுகிற முற்றவெளி பக்கமும் வேண்டாம். பலாலி விமான நிலையப் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பக் கூடாது, சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு பற்றரி முடியும்வரை நிறுத்திப் பாருங்கள், பிறகுதான் மேலே.

அப்புறம், ஏன் எரிந்தது என்று தெரியாமல் திருத்தின போர்ட் அதே காரணத்தால் திரும்ப எரியும். பற்றரி வயர் ஈஎஸ்சியில் ஒட்டுகிற இடத்திலேயே, கால்களைக் கட்டையாக வெட்டின 35 வோல்ட், 470 அல்லது 1000 மைக்ரோபராட் லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கப்பாசிற்றர் ஒன்று இருக்க வேண்டும். விழுந்து அதன் கால் ஒன்று அறுந்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை, பக் சிப்புகள் சாவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். பண்ணை, காரைநகர் என்று கடலோரம் பறப்பவர்கள் போர்ட்டுக்கு ஈரம் படாமல் காக்கிற கொன்ஃபோமல் கோட்டிங் பூசுங்கள், யூஎஸ்பி வாசலும் பட்டனும் பரோமீற்றரின் துளையும் தவிர்த்து. கடல் தண்ணியில் விழுந்தால் உடனே பற்றரியைக் கழற்றிவிட்டு போர்ட்டைக் கழுவ வேண்டும், ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணியால் வேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி காய்ந்தால் கால்களுக்கிடையே வெள்ளைப் படிவு விடும். மோட்டார் ஸ்பெயார்ஸ் கடையில் பற்றரித் தண்ணி என்று விற்கிற வடிநீரால் கழுவி, பிறகு அல்கஹோலால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் காயவிடுங்கள். தண்ணியில் விழுந்த லிப்போவைத் திரும்பச் சார்ஜில் போடாதீர்கள்.

திருத்தவே முடியாத போர்ட்டையும் எறியவேண்டாம். இன்டக்டர், பூட் பட்டன், யூஎஸ்பி வாசல், ஓஎஸ்டி சிப், உயிரோடு இருந்தால் மூளை, எல்லாவற்றையும் கழற்றி, எந்தப் போர்ட்டில் இருந்தது என்று எழுதின சின்னப் பைகளில் போட்டு வையுங்கள். ஜைரோவை மட்டும் கழற்றி மெனக்கெட வேண்டாம், இரண்டு தடவை சூடு பட்ட ஜைரோவை நம்பி ஒரு ட்ரோனை மேலே அனுப்ப முடியாது.